எங்கள் பிரைமரி ஒரு டிரஸ்டில் சேரப் போகிறதாம்: கூட்டத்தில் என்ன கேட்பது?

வடக்குவீதி | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கில் இருக்கிறோம். மூத்தவன் இயர் ஃபைவ், சின்னவள் இயர் டூ. இரண்டு பேரும் ஒரே கம்யூனிட்டி பிரைமரி. வெள்ளிக்கிழமை சின்னவளின் புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் வந்திருந்தது. பள்ளியின் நிர்வாகக் குழுவான கவர்னர்கள் ஒரு மல்டி அகாடமி டிரஸ்டில் (பல பள்ளிகளை ஒன்றாக நடத்தும் அமைப்பு) சேர விரும்புகிறார்களாம், நாலு கிழமை கருத்துக் கேட்பார்களாம், வருகிற வியாழன் மாலை ஹாலில் கூட்டமாம். இரண்டு பக்கக் கடிதத்தில் "உங்கள் பிள்ளையின் நாளாந்த அனுபவத்தில் மாற்றம் எதுவும் இராது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. ஒன்றுமே மாறாதென்றால் பிறகு எதற்குச் சேருகிறார்கள் என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை.

பள்ளி நல்ல பள்ளி. கடைசியாக ஆஃப்ஸ்டெட் (பள்ளிகளை ஆய்வு செய்பவர்கள்) வந்தபோது 'குட்' கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் பிள்ளைகள் முதலில் சேரும் ரிசப்ஷன் வருடத்தில் முன்பு இரண்டு வகுப்பும் நிரம்பும், இந்த வருடம் இரண்டாவது வகுப்பில் பாதி இடம் காலி. ஹால் கூரை ஒழுகுகிறது. மழை நாளில் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளி வைத்திருப்பார்கள், அசெம்பிளியில் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

யாராவது இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? இல்லை, போய் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதுமா?

நெல்லைக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

பிஸ்கட் போதும் அக்கா. என் பையன் படிக்கிற செகண்டரி டிரஸ்டில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் செகண்டரிகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் அகாடமி, அதாவது கவுன்சிலுக்குக் கீழே இல்லாத அரசுப் பணப் பள்ளி, ஆகிவிட்டன. பெயர்ப் பலகை மாறும், லோகோ மாறும், புது பிளேசர் வாங்கச் சொல்வார்கள். கணக்கு டீச்சர் அதே கணக்கு டீச்சர்தான். இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:25

நெல்லைக்காரன் தம்பி சொல்வது வகுப்பறை வரைக்கும் பெரும்பாலும் சரி. மாற்றம் நடப்பது வகுப்பறைக்கு வெளியே. நான் ஒரு டிரஸ்டின் பைனான்ஸ் ஆபீஸில் பல வருடம் வேலை பார்த்தவன் (எது என்று கேட்காதீர்கள்), அதனால் பணத்தின் பக்கம் இருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பள்ளி கவுன்சில் பள்ளி, அதாவது உள்ளூராட்சிக்குக் கீழே. அரசுப் பணம் கவுன்சில் வழியாக வருகிறது, ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. நிலம் கவுன்சிலுடையது. ஊழியர்களின் முதலாளி கவுன்சில். ஆனால் பள்ளியை நடத்துவது கவர்னர் குழு, அதில் பெற்றோர் தேர்ந்தெடுத்த கவர்னர்கள் குறைந்தது இரண்டு பேர்.

டிரஸ்டில் சேர்ந்த நாள் முதல் பள்ளி தனிச் சட்ட உருவமாக இருக்காது. கவனியுங்கள், 'சேருகிறது' என்று கடிதத்தில் எழுதுவார்கள், ஆனால் இது சங்கத்தில் உறுப்பினராவது போன்ற விஷயம் அல்ல. டிரஸ்ட் ஒரு கம்பெனி, கூடவே சாரிட்டி. கல்வி அமைச்சரோடு நிதி ஒப்பந்தம் போடுவது அந்தக் கம்பெனி. பணம் மத்திய அரசிடமிருந்து நேராக அதற்கு வரும். ஊழியர்கள் அதன் ஊழியர்கள். நிலம் கவுன்சிலிடமிருந்து 125 வருடக் குத்தகைக்கு, பெயரளவு வாடகையில், அதற்குப் போகும். கணக்கு வருடம் செப்டம்பர் முதல் ஆகஸ்ட். இப்போது பள்ளி சேமித்து வைத்திருக்கும் ரிசர்வும் கூடவே போகும்.

அப்புறம் பள்ளியில் 'லோக்கல் கவர்னிங் பாடி' என்று ஒன்று இருக்கும். அதே மனிதர்கள், அதே மேசை. ஆனால் அவர்களுக்கு என்ன அதிகாரம் என்பதை டிரஸ்டின் போர்டு முடிவு செய்யும். அது எழுதப்பட்டிருக்கும் ஆவணத்துக்கு 'ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன்' என்று பெயர். ஹெட் டீச்சரை யார் நியமிப்பது, பட்ஜெட்டை யார் ஒப்புக்கொள்வது எல்லாம் அதில் கட்டம் போட்டு இருக்கும். அந்த ஸ்கீமை டிரஸ்ட் போர்டு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், உங்கள் கவர்னர்களின் சம்மதம் தேவையில்லை. பெற்றோர் பிரதிநிதிகளும் ஒவ்வொரு பள்ளியின் லோக்கல் பாடியிலும் இரண்டு பேர் அல்லது மேலே டிரஸ்ட் போர்டில் மொத்தமாக இரண்டு பேர் இருந்தால் விதிப்படி போதும். பத்துப் பள்ளி டிரஸ்டில் இரண்டாவது வழியை எடுத்தால் உங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர்கூட எங்கும் இல்லாமல் போகலாம்.

பணம் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, டாப் ஸ்லைஸ்: ஒவ்வொரு பள்ளியின் பணத்திலிருந்தும் ஒரு சதவீதத்தைத் தலைமை அலுவலகம் எடுத்துக்கொள்ளும். ஐந்து சதவீதத்தை ஒட்டி எடுப்பது சாதாரணம். அதற்கு ஊதியக் கணக்கு, எச்ஆர், கம்ப்யூட்டர், பள்ளி மேம்பாட்டு ஆட்கள் எல்லாம் தருவார்கள். இரண்டாவது, பூலிங்: எல்லாப் பள்ளிகளின் பணத்தையும் ஒரே பானையில் போட்டு, டிரஸ்டே தேவைப்படி திருப்பிப் பங்கிடும். கூட்டுக் குடும்பத்தில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுப்பது போல. அப்பா நல்லவராக இருந்தால் கஷ்டத்தில் இருக்கும் தம்பிக்கும் சோறு கிடைக்கும். ஆனால் உங்கள் பணத்தில் தம்பி பைக் வாங்கினாலும் நீங்கள் கேட்க முடியாது. (விதிப்படி அப்பீல் செய்யும் வழி ஹெட் டீச்சருக்கு உண்டு, அமைச்சர் வரைக்கும் போகலாம். தன் முதலாளிக்கு எதிராக எத்தனை ஹெட் போவார் என்று நீங்களே யோசியுங்கள்.)

கடைசி விஷயம்தான் பெரியது. பிடிக்கவில்லை என்றால் பள்ளி தானாக வெளியே வர முடியாது. கவுன்சிலுக்குத் திரும்ப வழி இல்லை. வேறு டிரஸ்டுக்கு மாற வேண்டுமானாலும் இப்போதைய டிரஸ்டும் கல்வித் துறையும் சம்மதிக்க வேண்டும்.

நெல்லைக்காரன் | ஞாயிறு, இரவு 10:51

அண்ணா, அப்படியானால் ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி இருக்கிறதே, அது மாதிரியா? மேனேஜ்மென்ட் தனியார், சம்பளம் அரசு.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:03

பாதி ஒத்துப்போகும். ஆனால் உதவி பெறும் பள்ளியில் இடமும் கட்டடமும் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் போட்டது, மிஷனோ அறக்கட்டளையோ. இங்கே டிரஸ்ட் கொண்டுவரும் சொத்து என்று எதுவும் இல்லை. லாபம் எடுக்கவும் கூடாது. ஆனால் சிஇஓ சம்பளத்துக்கு மேல் வரம்பு இல்லை. ஹாரிஸ் ஃபெடரேஷன் என்ற டிரஸ்டின் சிஇஓ வருடத்துக்கு நாலரை லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கியிருக்கிறார், கணக்கிலேயே இருக்கிறது. அவர்கள் பள்ளிகளின் ரிசல்ட்டும் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது வந்து சண்டை போடுவார்கள்.

இணுவில்மாமா | திங்கள், காலை 6:18

எங்கட இலங்கை ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், மாகாணப் பாடசாலையைத் தேசிய பாடசாலை ஆக்குவது. மாகாண சபைக்குக் கீழே இருந்ததைக் கொழும்பு அமைச்சு நேரடியாக எடுக்கும். ஆயிரம் தேசிய பாடசாலைத் திட்டம் வந்தபோது வடக்கில் ஏன் எதிர்த்தார்கள்? கட்டடம் வரும், காசு வரும் என்று சொன்னார்கள், அது பொய்யில்லை. ஆனால் அதிபரைப் பற்றி முறையிட யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்கக்கூடிய ஒரு கந்தோர் இல்லாமல் போய்விடும். இதுவும் அதேதான். கவுன்சிலர் ஒருவரைச் சனிக்கிழமை கடைத்தெருவில் மறித்துக் கேட்கலாம், டிரஸ்ட் போர்டு எங்கே கூடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

மேசைக்கு_அந்தப்பக்கம் | திங்கள், காலை 8:05

ஒரு பிரைமரியில் கவர்னராக இருந்து, இதே முடிவுக்குக் கை தூக்கியவன் நான். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

மாமா, அந்தக் கவுன்சிலரை மறித்துக் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் கவுன்சிலில் பள்ளி மேம்பாட்டுக்கு ஒரு முழு டீம் இருந்தது. கணிதத்துக்கு ஒரு ஆலோசகர், ஆங்கிலத்துக்கு ஒருவர். 2010க்குப் பிறகு வெட்டி வெட்டி, எங்கள் பகுதியில் மிஞ்சியது ஒரு மேடமும் அவருடைய ஈமெயில் பெட்டியும்தான். ஹெட் டீச்சர் ராஜினாமா செய்தபோது இடைக்கால ஆளைத் தேடி நாங்களே ஏஜென்சிகளுக்கு போன் போட்டோம். டிரஸ்டில் இருந்திருந்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டெபுடி ஹெட் மறுநாள் வந்திருப்பார்.

வடக்குவீதி சொன்ன காலி இடங்களைக் கவனியுங்கள். லண்டனில் பிறப்பு குறைந்துவிட்டது, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியே போகின்றன. பணம் தலைக்கணக்கில் வருகிறது. முப்பது பேர் வகுப்பில் இருபது பேர் இருந்தாலும் டீச்சர் ஒருவர், விளக்கு அதே விளக்கு. லாம்பெத், சதக், ஹாக்னி எல்லாவற்றிலும் பிரைமரிகளை மூடியும் இணைத்தும் வருகிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சம்பளம் இல்லாமல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும் கவர்னர்கள், தனியாகச் சமாளிக்க முடியாது என்று நினைப்பதில் சதி ஒன்றும் இல்லை.

கூரைக்கும் வருகிறேன். ஐந்து பள்ளியும் மூவாயிரம் மாணவரும் உள்ள டிரஸ்டுக்குக் கட்டடப் பராமரிப்புப் பணம் வருடாவருடம் ஃபார்முலாப்படி வந்துவிடும். அதைவிடச் சிறியதாக இருந்தால் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எனவே அக்கா, "கூரை எப்போது?" என்று கேட்பதைவிட "நீங்கள் எந்த வகை?" என்று கேளுங்கள். கூரைக்காகத்தான் சேருகிறோம் என்று யாராவது கோடு காட்டினால், உங்கள் பள்ளிக் கூரை அவர்களின் பட்டியலில் எத்தனையாவது என்றும் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_ஜன்னல் | திங்கள், மதியம் 12:44

எங்கள் நியூஹாமில் ஒரு காலம் இதே பேச்சாகத்தான் இருந்தது. மேனர் பார்க்கில் அவென்யூ பிரைமரி, 2018. டீச்சர்கள் பல நாள் வேலைநிறுத்தம், பெற்றோர் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள், வழக்கு வரைக்கும் போனது. கடைசியில் கவர்னர்கள் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதனால் "எல்லாம் முடிந்த விஷயம், நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது" என்று யாரும் வீட்டில் இருக்க வேண்டாம்.

மேசைக்கு_அந்தப்பக்கம் | திங்கள், மதியம் 1:10

உண்மை. அதே நியூஹாமில் போராட்டம் நடந்தும் மாறிய பள்ளிகள் உண்டு என்பதும் உண்மை. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போராடுங்கள். 2010 அகாடமி சட்டப்படி கவர்னர்கள் "தாங்கள் பொருத்தமென்று நினைப்பவர்களிடம்" கருத்துக் கேட்டால் போதும். பெற்றோர் வாக்கெடுப்பு கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேண்டாம் என்றாலும் கவர்னர்கள் சேரலாம். ஆனால் கேட்கிற மாதிரி நடித்துவிட்டு முன்பே முடிவு செய்திருந்தால் அது கோர்ட்டில் நிற்காது. அதனால்தான் நல்ல கவர்னர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் தருவார்கள். எழுத்தில் கேளுங்கள். கையைத் தூக்கிக் கேட்ட கேள்வி காற்றோடு போகும்.

சுண்ணக்கட்டி | திங்கள், மாலை 4:32

நான் டிஏ. வகுப்பில் உதவியாளர். எங்கள் பள்ளியும் டிரஸ்டுக்குப் போனது, அதனால் ஊழியர் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மாறுகிற நாளில் நம் ஒப்பந்தம் அப்படியே கூட வரும், டூப்பி என்று அதற்குச் சட்டம் உண்டு. டீச்சர்களுக்கு டீச்சர் பென்ஷன், எங்களுக்கு லோக்கல் கவர்ன்மென்ட் பென்ஷன், இரண்டும் தொடரும். அந்தப் பயம் வேண்டாம். பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேறு ஒப்பந்தம் கொடுப்பார்கள். இரண்டு வருடத்தில் ஸ்டாஃப் ரூமில் ஒரே வேலைக்கு இரண்டு விதமான சம்பளச் சீட்டு. அடுத்து 'ரீஸ்ட்ரக்சரிங்'. எங்கள் ஆபீஸில் மூன்று பேர் இருந்தார்கள், பெற்றோருக்குத் தமிழில் பேசிப் படிவம் நிரப்பிக் கொடுத்த அக்காவும் அதில் ஒருவர். வேலையெல்லாம் மத்திய அலுவலகத்துக்குப் போய்விட்டது, இப்போது வாசலில் ஒரு டச் ஸ்கிரீன்தான் இருக்கிறது.

கடிதத்தில் "நாளாந்த அனுபவத்தில் மாற்றம் இல்லை" என்று எழுதியவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒரு பாட்டி பிள்ளையைக் கூட்டிப்போக வருவதைப் பார்த்திருக்க மாட்டார்.

நெல்லைக்காரன் | திங்கள், மாலை 5:15

அது சரிதான். எங்கள் பள்ளியிலும் ஸ்கிரீன்தான். என் மாமியார் அதில் பெயரைத் தட்டி 'காண்ட்ராக்டர்' என்று பேட்ஜ் வாங்கி வந்தார்.

கார்டிஃப்_கறிவேப்பிலை | திங்கள், இரவு 7:50

ஓரமாக ஒன்று. வேல்ஸில் இந்த அகாடமியே கிடையாது, ஸ்காட்லாந்திலும் இல்லை. எல்லாம் கவுன்சில் பள்ளிதான். அதற்காக இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 8:36

இந்த அகாடமியை முதலில் தொடங்கியது லேபர் கட்சிதான். 2002ல் முதல் மூன்று அகாடமி, தோற்றுப்போன பள்ளிகளுக்கு மருந்தாக. 2010ல் கன்சர்வேட்டிவ் கல்வி அமைச்சராக மைக்கேல் கோவ் வந்து நல்ல பள்ளிகளுக்கும் கதவைத் திறந்தார். அதுவரை நாடு முழுக்க இருந்தது 203தான். 2016ல் எல்லாப் பள்ளியும் மாற வேண்டும் என்று அறிவித்து இரண்டு மாதத்தில் பின்வாங்கினார்கள். 2022ல் 2030க்குள் எல்லோரும் டிரஸ்டில் என்றார்கள், அந்த மசோதாவையும் அதே வருடம் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் லேபர் கொண்டுவந்த மசோதா வேறு திசை: அகாடமியும் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும், தகுதி பெற்ற டீச்சர் வேண்டும், சம்பளத்துக்கு அடித்தளம் வேண்டும் என்று. 'குட்' வாங்கிய பள்ளிக்கு மாறுகிறபோது கிடைத்துக்கொண்டிருந்த 25,000 பவுண்டு உதவித்தொகையும் 2025 தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனவே யாராவது கூட்டத்தில் "எப்படியும் அரசு கட்டாயப்படுத்தும், இப்போதே நல்ல டிரஸ்டைப் பிடித்துக்கொள்வோம்" என்று சொன்னால், அது பழைய காலண்டர். உங்கள் பள்ளி 'குட்'. கவர்னர்கள் தாங்களாகத்தான் போகிறார்கள். அவசரம் எதுவும் இல்லை.

வேக்ஃபீல்ட் கதையையும் சொல்ல வேண்டும். வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட், யார்க்‌ஷயரில் 21 பள்ளி. 2017 செப்டம்பரில், பள்ளி திறந்த வாரத்திலேயே, எங்களால் நடத்த முடியாது என்று எல்லாவற்றையும் கைகழுவியது. அதற்குள் பள்ளிகளின் சேமிப்பு டிரஸ்டின் கைக்குப் போய்விட்டிருந்தது. ஹெம்ஸ்வர்த் பள்ளியில் கிறிஸ்துமஸ் சந்தை வைத்துச் சேர்த்த பணமும் அதில் இருந்தது என்று செய்தி வந்தது. பள்ளிகள் மூடப்படவில்லை, வேறு டிரஸ்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்குத்தான் வழி இல்லாமல் அலைந்தார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உடனே பயன்படும் அக்கா. உங்கள் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) தனி சாரிட்டியா, தனி வங்கிக் கணக்கா என்று பாருங்கள். தனியாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சமோசா விற்ற காசு பள்ளிக் கணக்கில் கிடந்தால் ரிசர்வோடு சேர்ந்து போகும்.

வடக்குவீதி | திங்கள், இரவு 9:58

சமோசா இல்லை அண்ணா, எங்கள் பள்ளியில் நான் போட்டது ரோல்ஸ். காசு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று நாளைக்கே கேட்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. எனக்குச் சபையில் எழுந்து பேச வராது. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன் என்றால் எதைக் கேட்கலாம்?

மேசைக்கு_அந்தப்பக்கம் | திங்கள், இரவு 10:20

"ஏன் இந்த டிரஸ்ட்? வேறு எந்தெந்த டிரஸ்டைப் பார்த்தீர்கள்?" ஒன்றையும் பார்க்கவில்லை என்றால் ஹெட் டீச்சரின் பழைய நண்பர் அங்கே சிஇஓ என்று அர்த்தம்.

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 10:31

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல டிரஸ்டைத் தேடிப் பிடித்தாலும் ஐந்து வருடத்தில் அது இன்னொன்றோடு இணைந்து வேறு ஆளாகிவிடும். இன்றைய சிஇஓவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில் அர்த்தம் இல்லை. "ரிசர்வைப் பூலிங் செய்வீர்களா, எங்கள் கவர்னர்களுக்கு எந்த அதிகாரம் மிஞ்சும், அந்த ஆவணத்தைக் கருத்துக்கேட்பு முடியுமுன் எங்களுக்குக் காட்டுவீர்களா?" இதுதான் கேள்வி.

மேசைக்கு_அந்தப்பக்கம் | திங்கள், இரவு 10:39

அது ஒரு கேள்வி இல்லை, மூன்று.

மூன்றாம்மாடி | செவ்வாய், காலை 10:07

இன்னொரு அம்மா. என் மகனுக்கு ஆட்டிசம், இஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான சட்டபூர்வ உதவித் திட்டம்) இருக்கிறது. எங்கள் பள்ளியும் இதேபோல் மாறப் போகிறது. அவனுடைய உதவி நேரத்தைக் குறைத்துவிடுவார்களா?

சுண்ணக்கட்டி | செவ்வாய், காலை 10:45

அக்கா, இஎச்சிபி கவுன்சிலின் கடமை. பள்ளி எந்த வகையாக இருந்தாலும் அதில் எழுதியிருப்பதைக் கொடுத்தே ஆக வேண்டும், கவுன்சில் பெயர் குறிப்பிட்டால் அகாடமியும் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். பிளானின் எஃப் பிரிவில் "தேவைக்கேற்ப உதவி" என்று வழவழவென்று இருந்தால் இப்போதே, மாறுவதற்கு முன்பே, மணிக்கணக்கை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் இடத்தில் மணிக்கணக்கு எழுதியிருந்த பிள்ளைகளுக்கு ஒரு நிமிடமும் குறையவில்லை. பிளான் இல்லாமல் பள்ளியின் தயவில் உதவி கிடைத்த பிள்ளைகளுக்குத்தான் குறைந்தது.

மூன்றாம்மாடி | செவ்வாய், காலை 10:52

எஃப் பிரிவைத் திறந்து பார்த்தேன். "ரெகுலர் ஆக்சஸ்" என்று இருக்கிறது. இன்றே எழுதுகிறேன். நன்றி தங்கச்சி.

சனிக்கிழமை_மணி | செவ்வாய், இரவு 8:15

நான் ஒரு தமிழ்ப் பள்ளியின் பொறுப்பாளர். சனிக்கிழமைகளில் ஒரு பிரைமரியின் ஹாலையும் ஆறு வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்து நடத்தினோம். கேர்டேக்கரோடு பேசி வைத்த வாடகை, சாவி அவர் கையில், பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டக்கூட விட்டார். பள்ளி டிரஸ்டுக்குப் போன அடுத்த வருடம் வாடகைக்கு விடுவதை ஒரு வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். இணையத்தில் புக்கிங், வாடகை ஒன்றரை மடங்கு, காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் கதவு திறக்காது. பொங்கல் அடுப்புக்கு 'ரிஸ்க் அசெஸ்மென்ட்' கேட்டார்கள், கொடுத்தோம், மறுத்தார்கள். அந்த வருடம் மின்சார அடுப்பில் பொங்கினோம். கூட்டத்தில் யாராவது ஒருவர் ஹால் வாடகை பற்றியும் கேளுங்கள். உங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளி, நடன வகுப்பு, முதியோர் சங்கம் எல்லாம் அந்த ஹாலில்தான் நடக்கும், அவர்களுக்கு யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள்.

இணுவில்மாமா | செவ்வாய், இரவு 8:40

மின்சார அடுப்பில் பொங்கினால் எந்தப் பக்கம் வழிந்தது என்று எப்படிப் பார்ப்பது?

வடக்குவீதி | வெள்ளி, காலை 11:20

நேற்றுக் கூட்டம் முடிந்தது. ஹால் நிரம்பவில்லை, ஆனால் குறைவும் இல்லை. டிரஸ்டின் சிஇஓ வந்து ஸ்லைடு போட்டார். நல்லாகப் பேசினார், பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை. ஏழு பள்ளிகள், ஃபார்முலாப்படி பணம் வருகிற வகைதான். எங்கள் கூரை பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு அப்பா கேட்டதற்கு, சேர்ந்த பிறகுதான் சர்வே எடுப்போம் என்றார். அந்த நேரம் மழை வேறு, வாளி அதன் இடத்தில் இருந்தது, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பூலிங் பற்றி நான் முதல் நாளே எழுத்தில் அனுப்பியிருந்தேன். அதை வாசித்துவிட்டு "தற்போது பூலிங் செய்வதில்லை" என்றார். பக்கத்திலிருந்த ஒரு சோமாலி அம்மா உடனே, தற்போது என்றால் எது வரைக்கும் என்று கேட்டார். போர்டின் கையில் இருக்கிறது என்று பதில் வந்தது. டாப் ஸ்லைஸ் ஐந்தரை சதவீதம். ஆபீஸ் ஆட்களைப் பற்றிக் கேட்டபோது "இப்போதைக்குத் திட்டம் இல்லை" என்றார்.

வேறு டிரஸ்ட் பார்த்தீர்களா என்று கேட்டதற்குக் கவர்னர் தலைவி ஒன்றைத்தான் பார்த்தோம் என்று நேராகச் சொன்னார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. பட்ஜெட் தாளைக் காட்டினார், இரண்டு வருடத்தில் பற்றாக்குறை வரும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அது பயமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தாத்தா எழுந்து, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் சூடு பிடித்தது. கவர்னர்களின் வாக்கெடுப்பை ஹாஃப் டேர்ம் விடுமுறைக்குப் பிறகு தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்னொரு டிரஸ்டையும், பக்கத்துக் கவுன்சில் பிரைமரி ஒன்றோடு ஹெட்டைப் பகிர்ந்துகொண்டு ஃபெடரேஷனாகச் சேருவதையும் பார்ப்போம் என்றார்கள்.

ஸ்கீம் ஆஃப் டெலிகேஷனைத் திங்களுக்குள் வெப்சைட்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடிஏ காசு தனிக் கணக்கில்தான் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை | வெள்ளி, மதியம் 12:02

ஃபெடரேஷன் நல்ல யோசனை. இரண்டு பள்ளி, ஒரு கவர்னர் குழு, கவுன்சிலை விட்டுப் போக வேண்டாம், வேண்டாமென்றால் பிரியலாம். பற்றாக்குறையை அதுவே அடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வழிக்கும் மூன்று வருடக் கணக்குப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த டிரஸ்டின் கணக்கு கம்பெனிஸ் ஹவுஸ் என்ற கம்பெனிப் பதிவகத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று இடம் பாருங்கள்: அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்ற அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் மிச்சம் எவ்வளவு என்ற அட்டவணை, மத்திய அலுவலகத்துக்கு எந்தப் பள்ளி எவ்வளவு கொடுத்தது என்ற பக்கம். மிச்சம் பள்ளிவாரியாக இல்லாமல் ஒரே எண்ணாக இருந்தால், பூலிங் செய்வதில்லை என்ற பதிலை மறுபடி எழுத்தில் கேளுங்கள்.

மேசைக்கு_அந்தப்பக்கம் | வெள்ளி, மதியம் 12:30

கவர்னர் கூட்டங்களின் கையெழுத்திட்ட மினிட்ஸைப் பார்க்கக் கேளுங்கள். ரகசியம் என்று ஒதுக்கிய பகுதி தவிர மற்றதைக் காட்ட வேண்டும். இந்தப் பேச்சு முதலில் எந்த மாதம் வந்தது என்று தேடுங்கள். பார்ப்பது நீங்கள் தனியாக வேண்டாம், அந்தச் சோமாலி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நல்ல ஆள் போல இருக்கிறது.

வடக்குவீதி | வெள்ளி, மாலை 3:48

கேட்டுவிட்டேன். புதன் காலை ஒன்பதரைக்கு ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அவரும் வருகிறார். இரண்டாவது டிரஸ்டின் பெயர் தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன், அண்ணா, கணக்கை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

கணக்கப்பிள்ளை | வெள்ளி, மாலை 4:10

போடுங்கள். பெயரை இங்கே வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள். சனிக்கிழமை பார்க்கிறேன்.